சவிரியான் அப்புவும் அவுஸ்திரேலியாவின் அரையிறுதியும்

மண்கும்பானில் இருந்து வந்த ஓட்டோ படலையடியில் நின்றபோது சவிரியான் அப்பு முற்றத்துக் கதிரையில் இருந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டோவில் இருந்து அவருக்கு மருமகள் முறையான ஓர் அம்மாவும் அவருடைய கணவரும் இறங்கினார்கள். இருவரும் வெள்ளை உடுப்பு. அம்மாவின் கையில் ஒரு மெழுகுதிரிப் பெட்டி. படலையைத் தாண்டும்போதே அவர் குரல் எடுத்துவிட்டார்.

"என்ர மாமா, எங்களை விட்டுட்டுப் போட்டியளே…"

அப்பு மாங்கொட்டையை வாயில் இருந்து எடுத்தார். "ஆர் பிள்ளை செத்தது?" என்று கேட்டார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்கள்தான் மாமா" என்றார் கணவர். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

தண்ணீர் குடிக்கப் போன குற்றம்

இந்தத் தொடரில் எதை எழுதினாலும் கடைசியில் சாப்பாட்டில் கொண்டுபோய் முடிக்கிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருந்தார். அவருக்காகவே இந்தக் கிழமை மாம்பழத்தை முதலிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டேன். இனி உதைபந்தாட்டம்.

நான் கணித ஆசிரியை. நாரந்தனைக்குக் கிட்ட, கடலோரமாக இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்ட நேரம் நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நான்தான் பொறுப்பு. ஓஃப்சைட் என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

ஆனால் பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். எல்லாரும் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். சின்ன வயதில் இருந்து மணலில் ஓடிய கால்கள். தலைவி டிலானிதான் கோல் காப்பாளர். அவள் மைதானத்தில் கத்தினால் எழுவைதீவில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆவணியில் வரும் மாதா திருநாளன்று, காலைப் பூசையும் சுற்றுப்பிரகாரமும் முடிந்த பிறகு, பின்னேரம் கோயில் மைதானத்தில் ஒரு பந்தாட்டம் நடக்கும். கலியாணம் கட்டினவர்கள் ஒரு பக்கம், கட்டாதவர்கள் மற்றப் பக்கம். கடலுக்கு அப்பால் இருந்தும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அந்த மைதானத்தில் அந்த நாளில் விளையாடினால்தான் ஊரில் நீ ஒரு ஆட்டக்காரன். ஆட்டக்காரிக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். மைதானத்தைக் கொடுப்பவர் கோயில் சபைத் தலைவர் மரியநாயகம் சம்மாட்டியார். ஊரில் அதிகம் படகும் வலையும் வைத்திருப்பவர் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் ஏலாது என்று சொல்லிவிட்டுத்தான் என்ன கேட்டனீர் என்று கேட்பார்.

"ஏலாது ரீச்சர். திருநாளில பெட்டையள் காற்சட்டையோட ஓடினா ஊர் என்ன சொல்லும்?"

"மாதா ஒண்டும் சொல்லமாட்டா அண்ணை."

"உமக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு" என்றார் அவர்.

மெல்பேர்ணில் இருந்து வந்த பெட்டி

அந்த வருடம்தான் பெண்களின் உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாப் பக்கம் நடந்தது. மரியநாயகம் அண்ணையின் தங்கச்சி குடும்பம் மெல்பேர்ணில். அந்தத் தங்கச்சியின் மகளும் பந்தடிப்பவள். எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தங்கச்சி ஒரு பெட்டி நிறைய அவுஸ்திரேலிய அணியின் மஞ்சள் ஜேர்சி அனுப்பியிருந்தார். எல்லாம் பெரிய அளவு. எங்கள் சின்னவளுக்கு அது முழங்காலுக்குக் கீழே வந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டார்கள். அந்த நிமிடத்தில் இருந்து பிள்ளைகள் எல்லாரும் அவுஸ்திரேலியா.

அந்தத் தங்கச்சி வேறொன்றும் அனுப்பியிருந்தார். படுக்கையில் கிடந்த தகப்பனுக்குப் பொழுது போகட்டும் என்று சுவரளவு தொலைக்காட்சி. அந்தத் தகப்பன்தான் சவிரியான் அப்பு. மரியநாயகம் அண்ணையும் தகப்பனோடு அந்த வீட்டிலேயேதான் இருந்தார். கோயில் மதிலுக்குப் பக்கத்து வீடு. பிள்ளைகள் போட்டி பார்க்க அங்கேதான் போனார்கள். நேர வித்தியாசம் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அங்கே இரவு, இங்கே வெய்யில் எரிக்கும்.

முதல் ஆட்டத்துக்கு முன்னமே அவுஸ்திரேலியாவின் தலைவிக்குக் கெண்டைக்காலில் காயம். அயர்லாந்தோடு ஒரு பெனால்டியால் தப்பிப் பிழைத்தார்கள். அடுத்தது நைஜீரியாவிடம் தோற்றார்கள். எங்கள் பிள்ளைகள் சோறும் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் மரியநாயகம் அண்ணை நல்ல சந்தோசமாக நின்றார். பிள்ளைகள் மைதானக் கதையைத் திரும்ப எடுத்தார்கள். பாதர் பக்கத்தில் நிற்கிறார். மாதர் சங்கம் முழுக்க நிற்கிறது. அண்ணைக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"உங்கட அவுஸ்திரேலியா அரையிறுதிக்குப் போகட்டும் பாப்பம். போனா இந்தத் திருநாளுக்கு மைதானம் உங்களுக்கு."

"எல்லாரும் கேட்டியள்தானே?" என்றார் பாதர் சிரித்துக்கொண்டு. அண்ணை அப்போதுதான் சுற்றிவரப் பார்த்தார்.

அடுத்த ஆட்டத்தில் அவுஸ்திரேலியா கனடாவுக்கு நாலு கோல் போட்டது. பிறகு டென்மார்க்கையும் வென்றது. கால் இறுதி பிரான்ஸோடு, திருநாளுக்குச் சற்று முன்பு வந்த சனிக்கிழமை. அண்ணை தெருவில் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகத் தொடங்கினார்.

சாகக் கூடாத அப்பு

ஒருநாள் அவரே என்னைத் தேடி வந்தார். கையில் புதிய காரணம் ஒன்று இருந்தது.

"ரீச்சர், சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா அப்புவின்ர நிலமை உமக்குத் தெரியும். அதுக்கிடையில ஒண்டு நடந்திட்டா விளையாட்டெல்லாம் நிக்கும். செத்தவீட்டுக்குப் பக்கத்தில பந்தடிக்க ஏலுமே?"

அது உண்மைதான். பூசை நடக்கும், சுற்றுப்பிரகாரம் நடக்கும், விளையாட்டு நின்றுவிடும். அப்பு வருடக்கணக்காகவே இழுத்துக்கொண்டு கிடந்தார். பாதர் அவருக்கு, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலைக் கொடுத்துக் கொடுத்து, அந்த எண்ணெய்க் குப்பியை அந்த வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ஊரில் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு தரமும் வெள்ளை உடுப்புகளைத் தோய்த்து வைத்துவிட்டு ஊர் காத்திருக்கும். அப்பு எழும்பித் தேத்தண்ணி கேட்பார்.

ஆக எங்களுக்கு இப்போது இரண்டு வேலை. அவுஸ்திரேலியா வெல்ல வேண்டும். அப்பு சாகக் கூடாது. முதலாவதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டாவதில் இறங்கினார்கள்.

ஒருத்தி கஞ்சி கொண்டுபோனாள். ஒருத்தி கால் பிடித்துவிட்டாள். பின்னேரம் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். அப்படியொரு கவனிப்பை அவர் பெற்ற பிள்ளைகளும் கொடுத்ததில்லை. இரண்டு நாளில் அப்பு கட்டிலை விட்டு எழும்பிக் கதிரையில் இருந்தார். மூன்றாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னத்துக்கடி இந்தக் கவனிப்பு? நான் எழுதிக் குடுக்க ஒரு வளவும் இல்லை."

டிலானிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "நீங்கள் திருநாள் மட்டும் சாகக் கூடாது அப்பு. செத்தா எங்களுக்கு மைதானம் இல்லை."

அப்பு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சரி. அதுக்குப் பிறகு சாகலாமோ?"

"அது உங்கட விருப்பம்" என்றாள் அவள்.

ஞானப்பு அண்ணையின் கணக்கு

சனிக்கிழமை. சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் தகப்பன்மார் கரைக் கடலில் நண்டு வலை இழுக்கப் போயிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று வேலை செய்பவர்கள் கைத்தொலைபேசி கொண்டுபோவதில்லை. ஆனால் கோல் விழுந்ததா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் கோயில் மணியடிக்கும் ஞானப்பு அண்ணையோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அவுஸ்திரேலியா கோல் போட்டால் அவர் திருநாள் மணி மாதிரி விடாமல் அடிக்க வேண்டும். பாதர் யாழ்ப்பாணம் போயிருந்தபடியால் ஞானப்பு அண்ணையும் துணிந்து சம்மதித்தார்.

ஞானப்பு அண்ணை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். நாங்கள் இந்தப் பக்கம். பிள்ளைகள் கத்தினால் அவருக்குக் கேட்கும், அதுதான் ஏற்பாடு.

ஆட்டம் முழுக்க ஒரு கோலும் இல்லை. மேலதிக நேரத்திலும் இல்லை. ஞானப்பு அண்ணை கயிற்றைப் பிடித்தபடியே வேர்த்து ஒழுகினார். கடைசியில் பெனால்டிக்கு வந்து நின்றது.

முதல் அடியை அவுஸ்திரேலியாவின் கோல் காப்பாளர் தடுத்தார். எங்களவர்கள் முதலாவதைப் போட்டார்கள். பிள்ளைகள் கத்திய கத்தில் கூரை ஓடு அதிர்ந்தது. மதிலுக்கு அப்பால் மணி கேட்டது. டாண். ஒரே ஒரு அடி.

பிறகு அவரிடம் விசாரித்தபோது அவர் தன் நியாயத்தைச் சொன்னார். "பெனால்டி எண்டுறது முழுக் கோல் இல்லைத்தானே ரீச்சர். முழு மணி அடிக்கிறது சரியில்லை எண்டு நினைச்சனான். அதுதான் ஒவ்வொரு அடி."

கோல் எதுவென்று பிரித்துப் பார்த்த மனிதர் மணி எதுவென்று பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் அடி, ஆறுதலாக இடைவெளி விட்டு இன்னோர் அடி என்று அடித்தால் அது துக்க மணி. பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கோ அந்த நேரத்தில் காது வேலை செய்யவில்லை. கண் மட்டும்தான் இருந்தது.

அங்கே ஆட்டம் முடிகிற மாதிரி இல்லை. வென்றுவிடக்கூடிய ஐந்தாவது உதையை அடிக்க அவுஸ்திரேலியாவின் கோல் காப்பாளரே முன்னுக்கு வந்தார். டிலானி எழும்பி நின்றுவிட்டாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. டிலானி அப்படியே குந்திக்கொண்டு முகத்தை மஞ்சள் ஜேர்சிக்குள் மறைத்தாள்.

"அழாதை, திரும்பி அவள்தான் பிடிப்பாள்" என்றார் அப்பு. பேரும் தெரியாத அந்தப் பெண்ணை அவர் பேத்தி மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

பிரான்ஸ் போட்டது. எங்களவர்கள் போட்டார்கள். டாண். பிரான்ஸ் போட்டது. எங்களவர்கள் போட்டார்கள். டாண்.

பிறகு அவள் உண்மையாகவே பிடித்தாள். கோட்டில் இருந்து காலை முந்தி எடுத்துவிட்டாய் என்று நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னார். அதையும் பிடித்தாள். ஆனால் எங்களவர்களின் அடுத்த அடியைப் பிரான்ஸ்காரியும் பிடித்துவிட்டாள். அந்த வீட்டில் யாரும் கதிரையில் இல்லை, அப்புவைத் தவிர.

விலத்தடா

மணிச் சத்தம் சோளகத்தோடு போய்க் கடலில் கேட்டது. நண்டு வலை இழுத்தவர்கள் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. நாரந்தனைப் பக்கத்தில் கேட்டவர்கள் மண்கும்பானுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

கரை வாடியில் வலைக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்ற மரியநாயகம் அண்ணைக்கும் கேட்டது. சேர்ட்டும் போடாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு மணலில் விழுந்து எழும்பி ஓடி வந்திருக்கிறார். வாசலில் நிற்கிற பிள்ளைகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி விம்முகிறாள். அவருக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"அப்பு, என்னை விட்டுட்டுப் போட்டியே அப்பு" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்து அப்புவின் காலடியில் விழுந்து முழங்காலைக் கட்டிப் பிடித்தார்.

அந்த நேரம் பிரான்ஸின் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தது. அவுஸ்திரேலியாவில் ஒரு பிள்ளை பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். இதைப் போட்டால் வெற்றி. அண்ணையின் தலை சரியாகத் திரையின் நடுவில்.

"விலத்தடா, மறைக்குது" என்றார் அப்பு.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். தகப்பனின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவர் விலத்தவில்லை. தகப்பனின் முழங்காலில் முகத்தை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதனால் அவுஸ்திரேலியா அரையிறுதிக்குப் போன அந்தக் கோலை அப்பு காணவில்லை. பிள்ளைகள் கத்தியதை வைத்துத்தான் அறிந்தார். ஒரு கை மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

டாண் என்றது மணி.

சொல்லாமல் போனவர்கள்

கொஞ்ச நேரத்தில் மாம்பழமும் மண்கும்பான் ஓட்டோவும் வந்தன. பிறகு நாரந்தனையில் இருந்து சைக்கிள்கள். பிறகு கடலால் வந்தவர்கள், நனைந்த சாரத்தோடு. முற்றம் நிறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அழவும் ஏலாது, சிரிக்கவும் ஏலாது. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

செத்தவீட்டுக்குப் போனால் திரும்பும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். போட்டு வாறம் என்ற சொல் அங்கே வாயில் வரக் கூடாது. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள். கோப்பையை வைத்தார்கள். பழக்க தோசத்தில் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு சத்தம் போடாமல் படலையால் நழுவினார்கள். அப்பு அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, ஒருத்தரும் சொல்லாமல் போகினம்? நான் செத்தே போனன்?"

டிலானியைப் படலையில் போய் நிற்கச் சொன்னார். அப்புவிடம் சொல்லாமல் ஒருவரையும் விடக் கூடாது என்று கட்டளை. அவளுக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது. கோல் வாசலை மறித்து நிற்பது போல இரண்டு கையையும் விரித்து நின்றாள். போன ஆட்களும் திரும்பி வந்து, "போட்டு வாறம் அப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பு, "ஓம், வாங்கோ" என்றார். மண்கும்பான் அம்மா மெழுகுதிரிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் தடுமாறினார். "வைச்சிட்டுப் போ, தேவைப்படும்" என்றார் அப்பு.

எல்லாரும் போன பிறகு டிலானி மரியநாயகம் அண்ணைக்கு முன்னால் வந்து நின்றாள். அவருடைய கண் இன்னும் சிவந்திருந்தது.

"மாமா, அரையிறுதி."

அண்ணை என்னைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார். "இந்த வருசம் மட்டும்" என்றார்.

திருநாளன்று எங்கள் பிள்ளைகள் விளையாடினார்கள். எதிரணிக்கு ஆள் கிடைக்காமல் ஊர்ப் பெண்களில் கலியாணம் கட்டினவர்களே இறங்கினார்கள். கட்டாதவர்கள் பக்கத்தில் ஒருத்தி குறைந்தால் ரீச்சரையும் போடலாம், அவவும் கட்டேல்லைத்தானே என்று யாரோ சொன்னார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். வெற்றிக் கோலை டிலானிக்கு எதிராக அவளுடைய அம்மாவே போட்டார். அப்பு மைதானக் கரையில் கதிரையில் இருந்து கடைசி மட்டும் பார்த்தார்.

அடுத்த நாள் அவுஸ்திரேலியா இங்கிலாந்திடம் தோற்றது. பிறகு சுவீடனிடமும் தோற்று நாலாம் இடம். பிள்ளைகள் அழுதார்கள்.

"நாலாம் இடமோ? நான் ஒரு இடமும் வந்ததில்லை" என்றார் அப்பு.

பிறகு ஒருநாள்

மாரி தொடங்கி முதல் தூறல் போட்ட ஒரு பின்னேரம் கோயில் மணி கேட்டது. ஓர் அடி. ஆறுதலாக இன்னோர் அடி.

வேலிக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "இண்டைக்கு ஆருக்கும் ஆருக்கும் மாட்ச் ரீச்சர்?"

ஊரில் ஒருவரும் அசையவில்லை. மணி நிற்காமல் தொடர்ந்த பிறகுதான் நான் கதிரையை விட்டு எழும்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்புவின் முற்றத்தில் இரண்டு மூன்று பேர்தான் நின்றார்கள். சவிரியான் அப்புவின் செத்தவீட்டுக்கு இந்த முறை ஊர் பிந்தித்தான் வந்தது.

அடுத்த நாள் அடக்கத்துக்குப் பிள்ளைகள் மஞ்சள் ஜேர்சியோடு சேமக்காலைக்கு வந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். மரியநாயகம் அண்ணை அவர்களுக்கு வழி விட்டார். மண் போட்டு முடிந்ததும் சனங்கள் வழக்கப்படி தலை குனிந்து சத்தமில்லாமல் திரும்பத் தொடங்கினார்கள். மண்கும்பான் அம்மா ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டிலானி மட்டும் நின்றாள். குழியடிக்குத் திரும்பிப் போனாள்.

"போட்டு வாறம் அப்பு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும் அவளுடைய அந்தக் குரலில்.

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு பெண் வாயில் கை வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாரும் அப்படியே நின்றோம். மறுமொழி சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார்.

சேமக்காலை வாசலில் நின்ற மரியநாயகம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"ஓம், வாங்கோ" என்றார். "வாற திருநாளுக்கும் வாங்கோ. மைதானம் இருக்கும்."

"அந்த வருசம் மட்டுமோ மாமா?" என்று கேட்டாள் டிலானி.

அவர் தகப்பனின் குழியைப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "ஒவ்வொரு வருசமும்."